அக்குள்ல ஒரு துண்டு

வா பேராண்டி. கம்பெனி பஸ்ஸை விட்டு எறங்குனதும் தடியும் கையுமா கொல்லைப் பக்கம் ஓடுனியே, பாம்பு அடிக்கத்தான் போறேன்னு நெனச்சேன். கோல்ஃபாமே!

தப்பில்ல. இருங்காட்டுக்கோட்டையில கொரியாக்காரங்க மொத சான்ட்ரோ காரை எறக்குன 1998லதான், அவங்க ஊர்ப் பொண்ணு பாக் சே-ரி அமெரிக்காவுல பெண்கள் ஓபனை ஜெயிச்சுது. பந்து குளத்தங்கரையில மாட்டிக்கிச்சு. அது என்னா பண்ணுச்சு? நாத்து நடப் போறவளாட்டம் ஷூ, சாக்ஸைக் கழட்டிட்டுத் தண்ணியில எறங்கி நின்னு அடிச்சுது. அப்பேர்ப்பட்ட ஊர்க்கார மேனேஜர் நந்தனம் மைதானத்துக்குக் கூப்புட்டா நீ போய்த்தான் ஆகணும்.

ஆனா நேத்து நீ வீசுன வீச்சுல பந்து அசையல, என் வேர்க்கடலைச் செடி ரெண்டு பறந்துச்சு. 46 கிராம்கூட தேறாத பந்துக்கு மரம் வெட்டுற ஆவேசம் எதுக்குடா? அந்தக் காலத்துல மண்ணைக் கொத்துனா எங்களுக்குக் கூலி குடுத்தாங்க. நீ காசு கட்டிக் கொத்துற.

கோச்சு சொன்னாராமே, ரெண்டு அக்குள்லயும் துண்டை இடுக்கிக்கிட்டுப் பாதி வீச்சு வீசுன்னு. நல்ல மனுசன். துண்டு விழுந்தா கை தனியா ஓடுது, ஒடம்பு தனியா நிக்குதுன்னு அர்த்தம். மண்வெட்டி புடிச்சவனுக்கு இது தெரியும்: இடுப்பு திரும்பணும், கை பின்னால வரணும். தோளால மட்டும் வெட்டுறவன் பொழுது சாய்றதுக்குள்ள படுத்துடுவான்.

அப்புறம் காலை ஒட்டி வெச்சு வீசு. வரப்புமேல நிக்கிற மாதிரி. கொஞ்சம் துள்ளுனாலும் சேத்துலதான் விழுவ. தூக்கறப்போ மூணு எண்ணு, எறக்கறப்போ ஒண்ணு. நீ தலைகீழா எண்ணுற.

குழியில உருட்டறதுக்குத் திண்ணை போதும். குழியோட வாய் 10.8 சென்டிமீட்டர், பாட்டியோட சொம்பு இருக்கு. பந்து போற வழியில ரெண்டு குச்சி நட்டு, நடுவுல உருட்டிப் பழகு. சொம்பு நசுங்குனா பாட்டிகிட்ட நீயே பேசிக்கோ.

பெங்களூர்ல அடுத்தவங்க கோல்ஃப் பையைத் தூக்குன முனியப்பா, 2009ல இந்தியன் ஓபன் கோப்பையவே தூக்குனாரு. நம்மூரு ராமானுசரு ஒரு மந்திரத்துக்காகத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு தடவை நடந்தாருன்னு சொல்லுவாங்க. உன் ஆட்டத்துலயும் பதினெட்டு குழிதான். நீ மூணாவது நாளே இடுப்புல தைலம் தேய்க்கிற!

நாளைக்கு விடியறதுக்குள்ள துண்டோட வா, நான் திண்ணையில இருப்பேன். பறக்குற கடலைச் செடிக்கு ஒண்ணுக்குப் பத்து ரூபா. நேத்து பாக்கி இருபது.