கியர் எங்கே உதைக்கிறது?

எண்பதுகளில் சென்னை கே.கே. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நின்றவை அம்பாசிடர், இல்லாவிட்டால் ஃபியட். இரண்டிலும் அந்தக் காலத்தில் கியர்க் கம்பி ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுக்க நிற்கும் முன்பே முதல் கியரைத் தள்ளினால் பல்லோடு பல் உரசித் தெருவுக்கே கேட்கும். டபுள் கிளட்ச் தெரிந்தவர் மட்டும் சத்தமில்லாமல் இறக்குவார். அப்பாவுக்குத் தெரியும். ஆக்சிலேட்டரில் இருந்து கால் எழும், கிளட்ச் இறங்கும், நியூட்ரலில் ஒரு மூச்சு, லேசாக ஒரு ரேஸ், மறுபடி கிளட்ச். பின்சீட்டில் உட்கார்ந்த எங்களுக்கு இன்ஜின் சத்தத்தை வைத்தே அடுத்த கியர் எப்போது விழும் என்று தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங் கியர் வண்டியில் ஒரு வசதி, கோளாறு கண்ணுக்குத் தெரியும். கியர்க் கம்பியில் இருந்து கியர்பாக்ஸ் வரை ராடுகள் வெளியே ஓடும். புஷ் தேய்ந்தால் ராடுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து கையால் இழுத்துவிட்டால் கியர் விடுபடும். அதற்கு மேல் என்றால் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும்.

அவர் வந்ததும் ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. முதலில் கேள்விதான். “எந்த கியர்ல சார்? ஏத்தும்போதா, இறக்கும்போதா? காலையில எடுத்ததுமா, சூடானப்புறமா?” அப்பா பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே கேட்பார். பிறகு இருவரும் வண்டியில் ஏறி அசோக் பில்லர் வரை போய்வருவார்கள். திரும்பியதும் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர்பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார். அப்பாவைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்வார். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸுக்கு உள்ளே, இன்புட் ஷாஃப்ட் பேரிங். இவ்வளவுதான் சோதனை. இன்றைக்கும் மேனுவல் வண்டிக்கு இதைவிட நல்ல முதல் சோதனை எனக்குத் தெரியாது.

இப்போது அதே தெருவில் இரண்டு பக்கமும் கார். அதில் ஆட்டோமேடிக் கணிசம். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 1939-லேயே ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் வந்துவிட்டது. நம் ஊரில் ஆட்டோமேடிக் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது 2014-ல், மாருதி செலேரியோவில் ஏஎம்டி என்ற வகை வந்தபோது. அதற்கு முன்பும் ஆட்டோமேடிக் கார்கள் இருந்தன. விலையும் மைலேஜும்தான் பயமுறுத்தின. முனுசாமி சாலையிலும் நூறடி சாலையிலும் மாலை நேரத்தில் ஊர்ந்தவர்களுக்கு இடது கால் விடுதலை பெரிய விடுதலை. முழங்கால் வலிக்காரர்கள் மறுபடி கார் ஓட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் கியரை நம் கையால் போட்ட காலத்தில் இருந்த அந்தக் கேள்விகள், கியர் தானாக விழ ஆரம்பித்ததும் காணாமல் போய்விட்டன. “கியர் உதைக்குது” என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், எப்போது, எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கேனரை மாட்டுகிறார்கள். “கோட் எதுவும் இல்ல சார், நார்மல்.” கோட் இல்லை என்றால் கம்ப்யூட்டருக்குப் போட்டுவைத்த எல்லையைக் கோளாறு இன்னும் தாண்டவில்லை என்று மட்டுமே அர்த்தம். பி0700 என்று கோட் வந்தால்கூட, கியர்பாக்ஸின் தனிக் கம்ப்யூட்டர் எதையோ பதிந்து வைத்திருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பதுதான் சேதி. விலை குறைந்த ஸ்கேனர் பலவற்றுக்கு அங்கே போகத் தெரியாது.

ஆட்டோமேடிக் என்பது ஒரே பெட்டியும் அல்ல. ஏஎம்டி பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். அதே கிளட்ச் பிளேட், அதே பற்கள். கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு இயந்திரக் கை வைத்திருக்கிறார்கள். அதனால் முதலில் இருந்து இரண்டுக்குப் போகும்போது தலை சற்று முன்னால் சாய்வது அதன் பிறவிக் குணம். அந்தக் கணத்தில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டால் குலுக்கல் குறையும். அப்பா செய்த அதே வேலைதான். ஆனால் குலுக்கல் திடீரென்று கூடினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுத்தர வேண்டியிருக்கலாம், வெறும் பேட்டரி பலவீனமாகவும் இருக்கலாம். சிவிடி வகையில் பெல்ட்டும் புல்லியும்தான், படிப்படியான கியர்கள் கிடையாது. அங்கே உதறினால் வேறு கதை. டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு எண்ணெய்தான் ரத்தம். அழுத்தம் கொடுப்பதும், சூட்டைக் கடத்துவதும், கிளட்சுகளைப் பிடிக்க வைப்பதும் அதுவே.

என் வண்டி இந்தக் கடைசி வகை. சிக்னலை நெருங்கி வேகம் குறையும்போது இரண்டில் இருந்து ஒன்றுக்கு இறங்குகையில் பின்னால் யாரோ இடித்தது போல் ஒரு தள்ளல். ரிவர்ஸ் போட்டால் ‘டொம்’ என்று ஒரு சத்தம். ஒரு சர்வீஸ் சென்டரில் முதலில் நார்மல் என்றார்கள். அடுத்த முறை கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று மயக்கம் வரும் எஸ்டிமேட் கொடுத்தார்கள். நடுவில் ஒருவரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர், வயதில் சின்னவர், பழைய மேஸ்திரியின் கேள்விகளையே கேட்டார். கேட்டுவிட்டு என்னை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்து, வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். “டி போடுங்க சார்... இப்ப ஆர்... மறுபடி டி.” ஒவ்வொரு முறையும் இன்ஜின் தூக்கிவாரிப் போட்டது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் மவுண்டிங் ஒன்றின் ரப்பர் கிழிந்து, இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. மாற்றியதும் ‘டொம்’ போய்விட்டது.

தள்ளல் மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் வண்டி நன்றாகச் சூடான பிறகு. அப்போதுதான் ஸ்கேனரை எடுத்தார். கோட் பார்க்க அல்ல; ஓடும்போது எண்ணெயின் சூடு எவ்வளவு, இன்ஜின் சுற்றுக்கும் கியர்பாக்ஸ் சுற்றுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் மடியில் திரையோடு. வடபழநி மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பினோம். பிறகு எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்ஷன் நிறத்தில் பரவியது. முகர்ந்தால் தீய்ந்த வாடை. ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று என்னிடம் சொல்லப்பட்ட எண்ணெய் அது. சென்னை வெயிலுக்கும் நெரிசலுக்கும் அந்தப் பேச்சு பொருந்தவே பொருந்தாது. சூடு ஏற ஏற எண்ணெய் சீக்கிரம் கெடும்.

ஒரு விஷயத்தை அவர் பொறுமையாக விளக்கினார். ஒருமுறை வடித்தால் பழைய எண்ணெய் முழுதும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள் கணிசமாகத் தங்கிவிடும். ஆகவே வடித்து நிரப்பி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். கம்பெனி சொன்ன கிரேடு தவிர வேறு ஊற்றக் கூடாது. பல வண்டிகளில் அளவுக் கம்பியே கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அதற்கான மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இதெல்லாம் பிறகு; முதலில் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை வடித்த பிறகு தள்ளல் நின்றது. இப்போதெல்லாம் வண்டியை எங்கே விட்டாலும் ஜாப் கார்டில் நானே எழுதுகிறேன்: எந்த கியரில் இருந்து எந்த கியருக்கு, ஏறும்போதா இறங்கும்போதா, காலையிலா சூடான பிறகா, ஏசி ஓடும்போதா. கடைசி வரி: ‘பார்ப்பவர் என்னோடு வண்டியில் வர வேண்டும்.’ சர்வீஸ் அட்வைசர் நேரமில்லை என்றால் காத்திருக்கிறேன்.