பட்டும் பட்டமும்: கல்லூரிச் சொற்கள் சிலவற்றின் தறிவழி ஆராய்ச்சி

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றால் போதும், நல்ல பட்டுச்சேலை எங்கே கிடைக்கும் என்று சொல்ல நாலு பேர் ஓடிவருவார்கள். போனஃபைடு சர்டிஃபிகேட் எந்த ஜன்னலில் கிடைக்கும், எத்தனை மணிக்கு, யாரிடம் என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை. அறிவுலகம் இதுகாறும் கண்டுகொள்ளாத இந்த ஏற்றத்தாழ்வே இவ்வாய்வின் தோற்றுவாய்.

ஆய்வு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது மரபு. ஒரு முனையில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறி, மறுமுனையில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியின் அலுவலக ஜன்னல், நடுவே ஒரு சைக்கிள். கால எல்லை மூன்றாண்டு. அரியரோடு சேர்த்து நாலரை. முதன்மைச் சான்று என் அப்பா. ஆறாம் வகுப்போடு தறியில் இறங்கியவர், ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கமும் சாயாதவர். துணைச் சான்றுகள் கல்வெட்டுகள். கல்லில் ஏறிய எழுத்துக்கு ரீவேல்யுவேஷன் கிடையாது என்பதால் அவற்றை நம்பலாம்.

கருதுகோள் இதுதான்: பல்கலைக்கழகச் சொற்கள் லத்தீனிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை என்பது மேம்போக்கான கருத்து. அவை குறிக்கும் பொருள்கள் எல்லாமே காஞ்சியில் வேறு பெயர்களில் ஏற்கெனவே புழங்கியவை. பட்டம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படு என்ற வினை ‘பட்டு’ என்று எச்சமாகும். அனுபவம் பட்டு, அவஸ்தை பட்டு, வெயிலில் நின்று அவமானமும் பட்டு, கடைசியில் கையில் வருவது பட்டம். அகராதிக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அவர்கள் ஜன்னலில் நின்றதில்லை.

காஞ்சியில் உயர்கல்வி பல்லவர் காலத்திலேயே இருந்தது. அதன் பெயர் கடிகை. அந்தக் கடிகைக்கு வந்த ஒரு மாணவரைப் பற்றித் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. இன்றைய கர்நாடகப் பகுதியிலிருந்து குரு வீரசர்மரோடு வேதக் கல்வியை முடிக்க வந்தவர் மயூரசர்மன். வந்த இடத்தில் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் தாங்காமல் தர்ப்பை பிடித்த கையில் வாள் பிடித்தார், படை திரட்டினார், பல்லவரோடு மோதினார், 4ஆம் நூற்றாண்டில் வனவாசியைத் தலைநகராகக் கொண்டு கதம்ப அரசை நிறுவினார். வரலாற்றாசிரியர்கள் இதிலிருந்து பல முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். இவ்வாய்வாளனின் கண்ணில் பட்டது ஒன்றே: டிசி வாங்கியதாகக் கல்வெட்டில் எங்கும் இல்லை. ‘டிஸ்கன்டினியூ’ என்ற சொல்லுக்கு முதல் எடுத்துக்காட்டு இதுவாக இருக்கலாம். நோ டியூஸ் படிவத்தில் லைப்ரரி, லேப், விளையாட்டுத் துறை, என்எஸ்எஸ் என்று ஒவ்வொரு கையெழுத்தாக வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தால், கோபம் ஆறி, கதம்ப வம்சமே தோன்றாமல் போயிருக்கும்.

அடுத்தது ரெகுலேஷன். ‘நீ எந்த ரெகுலேஷன்?’ என்று பொறியியல் மாணவர்கள் கேட்டுக்கொள்வதை வெளியாள் கேட்டால் சாதி விசாரிக்கிறார்கள் என்று நினைப்பார். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2013, 2017, 2021 என்று நான்கு வருஷத்துக்கொரு ரெகுலேஷன் வந்தது. பாடம் மாறும், மதிப்பெண் கணக்கு மாறும், பழைய ரெகுலேஷனில் மாட்டிக்கொண்டவன் வாங்கிவைத்த புத்தகம் தம்பிக்கும் உதவாது. இது நவீனக் கொடுமை என்று மாணவர்கள் எண்ணுவது தவறு. காஞ்சியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு. 919இல் வந்த விதிப்படி ஊர்ச்சபை வாரியத்துக்கு நிற்க வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். 921இல் வந்த விதிப்படி முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். 919இல் முப்பத்தொரு வயதில் ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருஷம் கழித்து, முப்பத்து மூன்று வயதில், அவர் எலிஜிபிள் இல்லை. வயது கூடக்கூடத் தகுதி குறைந்த முதல் தமிழர் அவராகத்தான் இருப்பார். அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஒருவன் வைத்த பாக்கிக்காகச் சித்தப்பா பிள்ளைக்கும் ஹால் டிக்கெட் மறுக்கும் அளவுக்கு நம்முடைய பல்கலைக்கழகங்கள் இன்னும் கடுமையாகவில்லை.

வருகைப்பதிவு விஷயத்தில் கணிதம் குறுக்கிடுகிறது. செமஸ்டருக்கு 90 வேலைநாள், 75 சதவீதம் கட்டாயம். பெருக்கிப் பார்த்தால் 67½ நாள். அந்த அரை நாள் முற்பகலா, பிற்பகலா என்று எந்த விதியும் சொல்லவில்லை. குறைந்தால் கண்டொனேஷன். மன்னித்துவிடுதல் என்பதே அதன் லத்தீன் வேர்ப்பொருள். சென்னைப் பல்கலைக்கழக முறையில் 65க்கும் 75க்கும் இடையில் இருப்பவர் பணம் கட்டினால் பொறுத்தருளப்படுவார். பங்குனி உற்சவமும் வைகாசி கருடசேவையும் நடக்கிற ஊரில் பிறந்தவனுக்கு 75 என்பது கொஞ்சம் அதிகம்தான்.

கண்டொனேஷன் என்ற இதே சொல்லுக்கு வரதராஜப் பெருமாள் கோயிலில் கூரையிலேயே சான்று இருக்கிறது. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. படியேறிக் கையால் தொட்டால் தோஷம் போகும் என்று ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். தலபுராணப்படி அவர்கள் இருவரும் மாணவர்கள். கௌதம முனிவரிடம் படித்தவர்கள். பூஜைக்குக் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி விழுந்ததைக் கவனிக்கவில்லை; குரு சபித்தார்; பல்லியானார்கள்; காஞ்சிக்கு வந்து வரதரை வணங்கி விமோசனம் பெற்றார்கள். பாத்திரத்தை மூடாத குற்றத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு இன்டர்னல் மார்க் என்றால் என்னவென்று தெரியாது. அது குருவின் கையில் இருப்பது. மேல்முறையீடு இல்லை.

இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இந்த இரண்டையும் புரிந்துகொள்ளத் தறிக்குழியில் இறங்க வேண்டும். காஞ்சிச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோக்கிறதுதான் கோர்வை. மூன்று நாடா ஓடும், ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. அப்பா மிதியை அழுத்துவார், இழைகள் பிரியும், உடலுக்குரிய நாடா கரைவரை வந்து கரை நாடாவோடு பின்னிக்கொண்டு திரும்பும். ஓர் ஊடு தவறினாலும் அந்த இடத்தில் ஊசி நுழைகிற அளவு சந்து விழும். கடையில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இன்டர்னலில் 25க்கு 24 வாங்கிவிட்டு எக்ஸ்டர்னலில் 75க்கு 29 எடுப்பது அந்தச் சந்து. கூட்டினால் 53 வரும், 40 தேர்ச்சிக்குப் போதுமே என்று வாதாடலாம். எக்ஸ்டர்னலில் தனியாக 30 வேண்டும். கரை எவ்வளவு ஜரிகையாக இருந்தாலும் உடலை விட்டுப் பிரிந்தால் அது சேலை இல்லை.

மேஜர், அலைடு, எலெக்டிவ், நான்-மேஜர் எலெக்டிவ் பற்றி விரிவாக எழுத உத்தேசித்திருந்தேன். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நாலு கிளையில் நாலு சுவை என்பார்கள். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இனி அரியர். இவ்வாய்வின் உயிர்நிலை இங்கேதான். இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வந்தேன். அப்பா பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் நுனியையும் புதுப் பாவின் நுனியையும் விரலில் சாம்பல் தொட்டு, இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கான இழை. நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பாது, மனசு தப்பும் என்பார்.

“என்னடா ஆச்சு?”

“ஒரு பேப்பர் அரியர்ப்பா.”

“அப்படின்னா?”

“பாக்கிப்பா.”

“பாக்கியா? அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிகினு நிக்கற? இந்த வூட்ல அது எப்ப இல்ல?”

பாக்கி என்றால் அவருக்கு முதலாளியிடம் வாங்கிய முன்பணம். ஒவ்வொரு சேலைக் கூலியிலும் கொஞ்சம் கழிப்பார்கள். கழிவதற்குள் தீபாவளி வரும், அக்காவுக்கு வளைகாப்பு வரும், கழிந்ததைவிட அதிகமாக ஏறும். பாக்கி தீராமல் வேறு முதலாளியின் தறிக்குப் போக முடியாது. அரியர் தீராமல் டிகிரி வராது என்று நான் விளக்கியபோது, அவர் தலையை ஆட்டிய வேகத்தில் வேறெந்தப் பேராசிரியரும் அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

அரியர் வைத்தவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளை சென்னையிலும் காஞ்சியிலும் கல்வி நிலையங்கள் நடத்துகிறது. காஞ்சிப் பள்ளியில் படித்தவர் அண்ணா. சென்னைக் கல்லூரியில் படித்தவர் ராமானுஜன். 1906இல் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், போயிற்று. மறுவருஷமும் எழுதினார், மறுபடி போயிற்று. கணக்கைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சந்து. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கொடுத்தது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். எஃப்.ஏ. மட்டும் கடைசிவரை கிளியர் ஆகவில்லை. இதை நான் வீட்டில் எடுத்துச் சொன்னபோது எதிர்வீட்டு அத்தை, “அவரு கணக்குல பாஸாச்சே, உனக்கு அதுலதான அரியர்?” என்று கேட்டார். ஆய்வுலகில் இதை எதிர்மறைச் சான்று என்பார்கள்.

அதே அத்தைதான், “அத்திவரதர் வெளிய வர்றதுக்குள்ளயாவது முடிச்சிடு” என்றும் ஆசி வழங்கினார். அனந்தசரஸ் குளத்தில் கிடக்கும் அத்திவரதர் 1979இல் வந்தார், 2019இல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். நாற்பது வருஷத்துக்கொருமுறை என்றாலும், தேதி சொன்னால் வருகிறார். ரிசல்ட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. முதலமைச்சரை வாழ்த்திச் சுவரொட்டிகள் முளைத்தன. விவகாரம் உயர்நீதிமன்றம் போயிற்று, அங்கே எடுபடவில்லை, எழுதித்தான் தீர்க்கவேண்டி வந்தது. இந்தச் செய்தியைப் படித்துக் காட்டியதும் அப்பா, “தள்ளுபடின்னு போர்டு வச்சா கீழ இருக்கற பொடி எழுத்தயும் படிக்கணும்டா” என்றார். கோ-ஆப்டெக்ஸ் வாசலில் விலையைக் குறைப்பதும் தள்ளுபடி, கடனை விட்டுவிடுவதும் தள்ளுபடி, மனுவைத் தூக்கி எறிவதும் தள்ளுபடி. ஒரே சொல்லுக்குள் மூன்றையும் வைத்த தமிழ், மாணவனைத் தயார்படுத்தத்தான் வைத்ததோ என்று ஐயுறுகிறேன்.

போனஃபைடு பற்றிச் சுருக்கமாக. நல்லெண்ணத்தோடு என்று லத்தீனில் பொருள். நடைமுறையில், நான் நானேதான் என்று என்னைத் தவிர மற்றவர்கள் தரும் சான்று. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அது சேலைக்கான போனஃபைடு. சேலைக்கு ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷத்துக்குப் போதும். மாணவனுக்கு பஸ் பாஸுக்கு ஒன்று, ஸ்காலர்ஷிப்புக்கு ஒன்று, பேங்க் லோனுக்கு ஒன்று. முதல் நாள், “எதுக்குன்னு லெட்டர் எழுதிகினு வா” என்றார்கள். இரண்டாம் நாள், “எச்ஓடி கையெழுத்து எங்க?” எச்ஓடி லீவு. பிறகு கையெழுத்து இருந்தது, சீல் இல்லை. சீல் இருந்தது, சீல் வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பி “நாளைக்கு வரச் சொன்னாங்கப்பா” என்பேன். ஒரு பாவில் மூன்று சேலை வரும். போனஃபைடு கைக்கு வந்த அன்று அப்பா முதல் சேலையை அறுத்து மடித்திருந்தார்.

வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர் என்ற சொற்களை இங்கே ஆராயவில்லை. பல்லவர் தலைநகரில் பிறந்தவனுக்கு வேந்தர் என்றதும் குதிரையும் குடையும் நினைவுக்கு வரும். பட்டமளிப்பு விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கவுன் வாடகை, சென்னை போய்வரும் செலவு என்று கணக்குப் போட்டதில் ‘இன் ஆப்சென்ஷியா’ என்பதற்கு டிக் அடித்தேன். ஆள் வராமலே பட்டம் பெறுதல் என்று பொருள். அதற்கும் கட்டணம் உண்டு.

பட்டம் தபாலில் வந்தது, கெட்டி உறையில். அப்பா தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. குழியில் கால் தொங்கியபடியே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கஞ்சி போட்டிருக்காங்களா என்று கேட்டார். பிறகு மேலே பொன்னிறத்தில் பளபளத்த முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும். நான் தடுப்பதற்குள் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டிவிட்டார்.

“இன்னாடா,” என்றார், “உள்ள வெள்ளையா இருக்குது?”