கேட்டில் தொங்கும் பலகைக்கு ஒரு மனு

பெறுநர்:
உயர்திரு அறிவிப்புப் பலகை அவர்கள்,
முதன்மை வாயில், ஏதேனும் ஓர் ஆலை,
சிப்காட் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம், 2019 – ஒரு தாள் ஒட்ட இடம் கோருதல் – தொடர்பாக.

மேற்படி சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. திருநர் என்பதற்காக ஒருவருக்கு வேலை தர மறுப்பதும் இருக்கும் வேலையிலிருந்து நீக்குவதும் பாகுபாடு என்கிறது 3-ஆம் பிரிவு. ஆளெடுப்பு, பதவி உயர்வு இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது 9-ஆம் பிரிவு. இவை அரசு அலுவலகங்களுக்கு மட்டும் என்று எண்ணிக் கேட்டைச் சாத்திக்கொள்ள வழியில்லை. கம்பெனி, ஃபர்ம், கூட்டுறவுச் சங்கம் எல்லாமே சட்டத்தின் பார்வையில் ‘நிறுவனம்’தான். “ஆள் எடுப்பது காண்ட்ராக்டர், எங்களுக்கென்ன?” என்ற பதிலும் பாதி தூரம்கூடப் போகாது. காண்ட்ராக்டர் நடத்துவதும் ஒரு நிறுவனமே.

பலகை அவர்கள் இதில் சம்பந்தப்படுவது 2020 செப்டம்பரில் வெளியான விதிகளின் மூலம். ஒவ்வொரு நிறுவனமும் திருநருக்கான சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். அதை இணையதளத்தில், இல்லாவிட்டால் வளாகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்கின்றன அவை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடம் பலகை அவர்களைத் தவிர வேறெது? ஆக, டெல்லியில் நிறைவேறிய சட்டம் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து, கடைசியில் நான்கு குண்டூசிகளை நம்பி வந்து நிற்கிறது.

தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கழிப்பறை முதலிய வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள், புகார் அலுவலரின் விவரம். இந்த அலுவலரை விதிகள் வந்த 30 நாட்களுக்குள், அதாவது 2020 அக்டோபர் முடிவதற்குள் நியமித்திருக்க வேண்டும். புகார் வந்தால் அவர் 15 நாட்களில் விசாரிக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாட்களில் நிர்வாகத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். மொத்தம் ஒரு மாதம். தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை இதைவிட நீளும்.

பலகை அவர்களின் இட நெருக்கடி அறியப்படாததல்ல. விடுமுறைப் பட்டியல், கேன்டீன் விலை, ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’, விபத்தில்லாத நாட்களின் எண்ணிக்கை, போன ஆண்டு ஆயுத பூஜை நன்கொடைக் கணக்கு என்று எத்தனையோ தொங்குகின்றன. இவற்றுக்கு நடுவே ‘ஆட்கள் தேவை – இருபாலரும் விண்ணப்பிக்கலாம்’ என்ற தாளும் உண்டு. எவரையும் விலக்காத தாராள மனத்தோடுதான் அது எழுதப்படுகிறது. எண்ணிக்கையில்தான் ஒன்று குறைகிறது.

படிவத்தில் திருநருக்குக் கட்டம் இல்லாததால் வேலை இல்லை என்பது பழைய பதில். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த திருநங்கை கே. பிரித்திகா யாஷினிக்கும் அதுதான் கிடைத்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-இல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். கட்டம் இல்லாமலே காக்கி வந்துவிட்டது.

அடுத்த பதில் கழிப்பறை. இதில் நிர்வாகங்களுக்கு நீண்டகாலம் ஒரு சட்டத் துணையும் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆண், பெண் என்று இரண்டு கதவுகளை மட்டுமே அறிந்திருந்தது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ ஆண், பெண், திருநர் என மூவருக்கும் தனித்தனி வசதி வேண்டும் என்கிறது. 77 ஆண்டுகள் கைகொடுத்த சாக்கு ஒன்று இவ்வாறு பணி ஓய்வு பெற்றுள்ளது. வழியனுப்பு விழா நடந்ததாகத் தகவல் இல்லை.

மூன்றாவது பதில், “மற்ற தொழிலாளர்கள் சங்கடப்படுவார்கள்” என்பது. அந்தத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வருகிறார்கள். கை தட்டிக் காசு கேட்கும் திருநங்கையும் அதே ரயிலில்தான் ஏறுகிறார். சில்லறை கொடுப்பதும், தலையில் கை வைத்து ஆசி வாங்குவதும், ஓரிருவர் முகம் திருப்பிக்கொள்வதும் அங்கே நடப்பவை. ரயிலில் இல்லாத சங்கடம் கேட்டைத் தாண்டியதும் எப்படிப் பிறக்கிறது என்பது ஆராயத்தக்கது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் திருநருக்குக் கட்டணமும் கிடையாது. வேலை கேட்டு ஆலை வாசல் வரை இலவசமாக வந்து, “ஆள் எடுக்கல” என்ற பதிலோடு இலவசமாகவே திரும்பிப்போய், மறுநாள் கடை கடையாகக் காசு கேட்கலாம்.

டாடா ஸ்டீல் தன் சுரங்கங்களில் கனரக வாகனம் ஓட்டத் திருநரை எடுத்திருக்கிறது. கொச்சி மெட்ரோ 2017-இல் வேலை கொடுத்தது. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் சிலர் அந்த வேலையை விட வேண்டியதாயிற்று. சிப்காட்டைச் சுற்றி அறை வாடகைக்கு விடுவோர் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் நிர்வாகத்திடம் சொல்லாமல் பலகை அவர்களிடம் முறையிடுவதற்குக் காரணம் உண்டு. 2019-இல் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 18-ஆம் பிரிவு கொத்தடிமை வேலை, பொது இடத்தில் நுழைய அனுமதி மறுத்தல், வீட்டை விட்டுத் துரத்துதல், துன்புறுத்தல் ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்றது. வேலை தர மறுத்தல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. தடை ஒரு பக்கத்தில், தண்டனை வேறு பக்கத்தில். இடையே காவலுக்கு நிறுத்தப்பட்டிருப்பது புகார் அலுவலரும் அவர் பெயர் எழுதிய தாளும் மட்டுமே. திருநங்கை என்பதற்காக இரண்டு தனியார் பள்ளிகளில் வேலையிழந்த ஆசிரியை ஜேன் கௌசிக்கின் வழக்கில், 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இழப்பீடு வழங்கியதோடு, அரசுகளின் மெத்தனத்தையும் கடிந்துகொண்டது. ஓர் ஆசிரியை நியாயத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆலையில் தற்காலிக வேலை தேடும் ஒருவருக்கு அந்தத் தூரம் கட்டுப்படியாகாது.

எனவே, ஆயுத பூஜைக் கணக்கைச் சற்று நகர்த்தி, ஒரு ஏ4 தாளுக்கு இடம் ஒதுக்குமாறும், ‘இருபாலரும்’ என்பதை ‘யாவரும்’ என்று திருத்த அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அத்தாள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தால் இம்மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

இணைப்பு: குண்டூசி – 4.