சியாட்டல் முல்லை: 54 விழுக்காட்டு நோய் குறித்து ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உண்டு. அவற்றில் 29 அணிகள் ஒரு முறையாவது வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடரில் கால் வைத்துவிட்டன. மிச்சமுள்ள ஒன்று சியாட்டல் மரினர்ஸ். 1977இல் தொடங்கிய அணி, 2025 வரை 49 பருவங்கள் ஆடிவிட்டது. கோப்பையை வென்றதில்லை என்பது இருக்கட்டும், அந்தத் தொடரின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. எனவே பேஸ்பால் ரசிகரின் நம்பிக்கையையும் சந்தேகத்தையும் ஆராயப் புகுந்த இக்கட்டுரை, நியூயார்க் யாங்கீஸ் ரசிகரை விட்டுவிட்டு சியாட்டல் ரசிகரைத் தேர்ந்துகொண்டது. பசியைப் பற்றி ஆராய்கிறவர் கல்யாணப் பந்தியில் போய் இலை போட்டு உட்காரமாட்டார்.

முதற்சிக்கல், இந்த ரசிகரைச் சங்க இலக்கியத்தின் எந்தத் திணையில் வைப்பது என்பது. ஊர் கடற்கரை. அணியின் பெயருக்குக் கடலோடிகள் என்று பொருள். ஆட்டத்தின் இடைவேளையில் சால்மன் மீன் வேடமிட்ட நான்கு பேர் மைதானத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். இவ்வளவையும் பார்த்தவர் இதை நெய்தல் என்பார், உரிப்பொருள் இரங்கல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அவசரக்காரர். சியாட்டல் மழைக்குப் பேர்போன ஊர். அதற்காகவே அதன் மைதானத்துக்கு இழுத்து மூடும் கூரை போட்டிருக்கிறார்கள். காரும் மழையும் முல்லைக்கு உரியவை. முல்லையின் உரிப்பொருளோ இருத்தல்: கார்ப்பருவத்தில் வருவதாகச் சொல்லிப் போனவன் வருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருத்தல். 49 பருவங்களாக அதைச் செய்துவரும் ஊரை முல்லை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

திணைமயக்கம் ஒன்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அணி பயிற்சிக்குக் கூடும் இடம் அரிசோனாவின் பியோரியா. சுத்தமான பாலைநிலம், கள்ளிச்செடி உட்பட. பருவமும் பின்பனி. பாலைக்குப் பின்பனியையும் உரிமையாக்கியவர்கள் அரிசோனாவைப் பார்த்ததில்லை, ஆனாலும் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. அதிலும் மரினர்ஸ் குறை வைக்கவில்லை.

பிரிவு வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1998 ஜூலை 31 அன்று ராண்டி ஜான்சன் என்னும் ஆறடி பத்தங்குலப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹியூஸ்டனுக்கு மாற்றப்பட்டார். 2000 பிப்ரவரியில் கென் கிரிஃபி ஜூனியர் தாம் வளர்ந்த சின்சினாட்டிக்கே போனார். அதே ஆண்டின் இறுதியில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 10 ஆண்டுகளுக்கு 25.2 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் டெக்சஸுக்குக் கிளம்பினார். பொருள்வயிற் பிரிவுக்கு இதைவிடத் துல்லியமான சான்று எந்த உரையாசிரியருக்கும் கிடைத்ததில்லை. மூன்று ஆண்டுக்குள் மூன்று பெருந்தலைகள் போயாயிற்று. இனி இந்த அணி தேறாது என்று எந்த ரசிகருக்கும் தோன்றும்.

2001இல் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றது. 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க வீரர் என்ற இரண்டு விருதுகளையும் அள்ளினார். பிறகு, பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் ப்ளேஆஃபில் யாங்கீஸிடம் ஐந்தே ஆட்டத்தில் கதை முடிந்தது. அதற்கப்புறம் 20 பருவங்கள் ப்ளேஆஃப் வாசனையே இல்லை. ரசிகர் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? நட்சத்திரங்கள் போனால் நல்லது என்றா, கெட்டது என்றா? 116 வெற்றி பெற்றால் பயனுண்டு என்றா, இல்லை என்றா? தரவுகள் இப்படி ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் துறையில் ஆய்வு செய்வது எளிதல்ல.

இடைப்பட்ட காலத்தில் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் என்றொருவர் இருந்தார். 2005 முதல் 2019 வரை 15 பருவங்கள், எல்லாம் சியாட்டலுக்கே. 2012 ஆகஸ்ட் 15 அன்று எதிரணியில் ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2010இல் வென்றபோது அவர் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. அவர் வீச, சக வீரர்கள் ரன் எடுக்க மறந்துபோன ஆண்டு அது. ப்ளேஆஃபில் அவர் ஒரு பந்துகூட வீசியதில்லை. சியாட்டலில் அவர் பேரை எடுத்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்கள்.

2008ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மரினர்ஸ் 101 ஆட்டங்களில் தோற்றது. மோசமான அணிக்கு அடுத்த ஆண்டு இளம் வீரர்களில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும் என்பது லீகின் அப்போதைய முறை. அதற்கும் ஆசைப்பட முடியவில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் ஓக்லண்டை வரிசையாக வென்று, கடைசி இடத்தை வாஷிங்டன் அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். முதல் உரிமை பெற்ற வாஷிங்டன் எடுத்த பையன் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். 2019இல் வாஷிங்டன் வேர்ல்ட் சீரிஸை வென்றபோது அத்தொடரின் சிறந்த வீரர் அவர்தான். தோற்க வேண்டிய நேரத்தில் ஜெயித்துத் தொலைக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பெயரிட இவ்வாய்வு முயன்றது. அகராதியில் பொருத்தமாக இருந்தவை அச்சேற்றத் தகாதவை.

இப்போது மையக் கருத்துக்கு வரலாம். 2023இல் மரினர்ஸ் 88 ஆட்டம் வென்று, ஒரே ஒரு ஆட்டத்தில் ப்ளேஆஃபைக் கோட்டைவிட்டது. பருவம் முடிந்து செய்தியாளர்களைச் சந்தித்த அணியின் தலைமை நிர்வாகி ஜெரி டிபோட்டோ, பத்தாண்டுக்கு 54 விழுக்காடு வெற்றி என்ற அளவைப் பிடித்துவிட்டால் வேர்ல்ட் சீரிஸ் தானாக வரும் என்ற பொருளில் பேசினார். பொறுமையாக இருங்கள் என்று கேட்பது ரசிகர்களுக்குச் செய்யும் நன்மையே என்றும் சொன்னார். ஊர் கொதித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தார்.

அவர்மேல் கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார்கள்? 2021இல் 90 வெற்றி, 2022இல் 90, 2023இல் 88, 2024இல் 85, 2025இல் 90. ஐந்து ஆண்டில் 810 ஆட்டத்துக்கு 443. வகுத்தால் 54.7 விழுக்காடு. மனிதர் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது! அதுதான் பிரச்சினையே. இந்த ஐந்து ஆண்டில் மூன்று முறை ப்ளேஆஃப் இல்லை. 2023, 2024 இரண்டிலும் ஒரே ஆட்டத்தில் போயிற்று. 101 தோல்வி கண்ட ஆண்டில் ரசிகர் ஜூன் மாதமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தோட்டத்தைக் கொத்தப் போயிருப்பார். 54 விழுக்காடு அவரைக் கொத்தவிடாது. செப்டம்பர் கடைசி ஞாயிறுவரை நகத்தைக் கடிக்கவைக்கும். இதை நூற்பாவாக்கினால்:

தொண்ணூறு வெல்லல் நோயென மொழிப;
நூறு தோற்றல் மருந்தா கும்மே.

(இந்த நூற்பா இக்கட்டுரை தன் தேவைக்காகத் தானே யாத்துக்கொண்டது. மொழிந்தவர் யார் என்று கேட்க வேண்டாம்.)

நோய் முற்றும்போது தலைவி வீட்டில் விரிச்சி (தற்செயலாகக் காதில் விழும் நற்சொல்) கேட்பார்கள், குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைப்பார்கள். சியாட்டலும் அழைத்தது. 2025 செப்டம்பரில் ரசிகர் ஒருவர், கைவினைப் பொருள் விற்கும் எட்ஸி என்ற இணையச் சந்தையில் சூனியக்காரி ஒருவருக்குக் காசு கட்டி, மரினர்ஸுக்காக மந்திரம் போடச் சொன்னார். அந்த மாதம் அணி தொடர்ந்து 10 ஆட்டங்களை வென்றது. நெல்லை வைத்துக் குறி சொன்ன அந்தக் கால முதியவளுக்கு இந்த அளவு வெற்றி விகிதம் இருந்ததாகத் தெரியவில்லை. 2022 ப்ளேஆஃபில் டொராண்டோவுக்கு எதிராக 1–8 என்று பின்தங்கியிருந்தபோது ரசிகர்கள் கழற்றிய ஷூவைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் 10–9 என்று மரினர்ஸ் பக்கம் சாய்ந்தது. பாதுகையைத் தலையில் தாங்கிய பரதன் 14 ஆண்டு காத்திருந்தான் என்று அங்கலாய்ப்பவர்கள் கவனிக்க: இவர்கள் 21 ஆண்டு காத்திருந்தார்கள், அதுவும் சொந்தச் செருப்போடு.

அந்த ஷூவுக்குக் கிடைத்த பலன் ஒரு வாரம்தான். 21 ஆண்டுக்குப் பிறகு சியாட்டலில் நடந்த முதல் ப்ளேஆஃப் ஆட்டத்தில், 18 இன்னிங்ஸ், 6 மணி 22 நிமிடம் ஆடி மரினர்ஸ் எடுத்த ரன் பூச்சியம். ஹியூஸ்டன் எடுத்தது ஒன்று.

சால்மன் பந்தயத்தில் ஹம்பி என்றொரு மீன் உண்டு. 2025 அக்டோபர் வரை அது ஒருபோதும் ஜெயித்ததில்லை. அதற்காகவே அதை ஊர் நேசித்தது. 2025 அக்டோபர் 10 அன்று டெட்ராய்ட்டுக்கு எதிரான ப்ளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தின் நடுவே ஹம்பி முதன்முறையாக முதலில் வந்தது. அன்றிரவு 15ஆவது இன்னிங்ஸில் ஹோர்ஹே பொலாங்கோ அடித்த அடியில் மரினர்ஸ் 3–2 என்று வென்றது. விரிச்சி என்றால் இதுவல்லவா விரிச்சி என்று ரசிகர் நினைத்தார். பத்தே நாள் நினைத்தார்.

அக்டோபர் 20, டொராண்டோ, வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தைய தொடரின் ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். மரினர்ஸ் 3–1 முன்னிலை. ஹூலியோ ரோட்ரிகஸும் கேல் ராலேயும் ஆளுக்கொரு ஹோம் ரன் அடித்தாயிற்று. இன்னும் எட்டு அவுட் எடுத்தால் வேர்ல்ட் சீரிஸ். இரண்டாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். வீசுகிறவர் எடுவார்ட் பசார்டோ. அணியின் நம்பிக்கைக்குரிய முடிப்பாளர் ஆந்த்ரெஸ் முன்யோஸ் இன்னும் களம் இறங்கவில்லை. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டியது. மூன்று ரன். 4–3. அதுவே கடைசிக் கணக்கு. முன்யோஸ் எட்டாவது இன்னிங்ஸில் வந்தார், நன்றாகவே வீசினார். ஏழாவதில் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குத்தான் சியாட்டலின் அந்தக் குளிர்காலம் முழுவதும் செலவாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு ரசிகர் என்ன செய்கிறார் என்பதே ஆய்வின் கடைசிக் கேள்வி. கற்பனைக்குப் பேல்லார்டு பகுதியில் ஒரு மதுக்கடையைக் கொள்வோம். வெளியே தூறல். நம் ரசிகர், வயது ஐம்பது சொச்சம், காகித நாப்கின் ஒன்றை நீவிப் படியவைத்துப் பென்சிலால் 26 கோடு போடுகிறார். ஆகஸ்ட் முடியும்வரை அணியில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியவர்கள் 26 பேர். முதல் கோட்டில் ராலே. இந்தப் பெயரை எழுதும்போது கை நடுங்குவதில்லை: 2025இல் 60 ஹோம் ரன், கேட்சர் ஒருவர் ஒரே பருவத்தில் அடித்ததில் இதுவே அதிகம்; ஒப்பந்தம் 2030 வரை. ‘பிக் டம்பர்’ என்ற பட்டப்பெயர் அவருடைய பின்புறத்தின் விசாலத்தைக் குறிப்பது. அதை அவரே ஏற்றுக்கொண்டுவிட்டதால் ஆய்வும் ஏற்கிறது. ஆனால் முந்தைய ஆண்டு அடித்தது 34. அடுத்த ஆண்டு திரும்பவும் 34 அடித்தால் அது நல்ல ஆண்டா, வீழ்ச்சியா? ராலே பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 45 என்று எழுதுகிறார். சமரசம்.

முதல் பேஸில் ஜாஷ் நேய்லர், ஐந்து ஆண்டுக்கு மீண்டும் ஒப்பந்தமானவர். லீகின் மிக மெதுவான ஓட்டக்காரர்களில் ஒருவர்; 2025இல் பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி 30 பேஸ் ‘திருடினார்’. பாரவண்டி சந்து வழியாகப் புகுந்து போவதைப் பார்த்த காவல்காரர்போல எதிரணிகள் நின்றுவிட்டன. மறுபடி நடக்குமா? ரசிகர் தோளைக் குலுக்குகிறார். பிட்சர்கள்: கில்பர்ட், கர்பி, வூ, மில்லர், காஸ்டியோ. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நலமாக இருந்தால் இந்த வரிசைக்கு ஈடில்லை. 2025இல் அவர்களில் நால்வருக்கு முழங்கை, தோள், மார்புத்தசை என்று ஏதாவதொன்று பிடித்துக்கொண்டது.

பொலாங்கோ பெயரை எழுதப்போய்ப் பென்சில் நிற்கிறது. 2024இல் சரியாக ஆடாதவர். குறைந்த சம்பளத்தில் திரும்பி வந்தபோது இதே ரசிகர் இதே கடையில் உதட்டைப் பிதுக்கினார். 2025இல் அந்த மனிதர் 26 ஹோம் ரன் அடித்து, 15 இன்னிங்ஸ் ஆட்டத்தையும் முடித்துவைத்து, நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். சந்தேகப்பட்டவரை நம்பத் தொடங்கியதும் அவர் கிளம்பிவிடுகிறார். நாப்கினில் அந்தக் கோடு காலி.

மற்றவை விரைவாக நிரம்புகின்றன. கடைசிக் கோடுகளில் ரசிகருக்கே முதற்பெயர் தெரியாத ஆட்கள். பில் வருகிறது. நாப்கினைத் திருப்பிப் பின்பக்கத்தில் 96 என்று எழுதுகிறார். கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார். 96ஐ அடித்துவிட்டு 92. பரிமாறிய பெண் எட்டிப் பார்த்து, எவ்வளவு என்கிறார்.

“எண்பத்தெட்டு,” என்கிறார் ரசிகர். நாப்கின் சட்டைப்பைக்குள் போகிறது.