காசு கொடுத்துப் புழுக்கம்

கேள்வி: சென்னையிலிருந்து வந்து மினியாபொலிஸில் இருக்கிறேன். ஜனவரி வந்தால் உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. வீடு முழுவதற்கும் ஹியூமிடிஃபையர் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: சென்னையில் இலவசமாகக் கிடைத்த புழுக்கத்தைத் திட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா? இப்போது காசு கொடுத்து வாங்குங்கள்!

மைனஸ் 18 டிகிரி வெளிக்காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அப்பளம் காயவைக்க ஏற்ற வீடு. ஆள் இருக்க அல்ல. மாட்டுங்கள்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக் குழாயோடு சேர்த்து மாட்டும் ரகங்களில், தொட்டித் தண்ணீரில் உருளை சுற்றுவது வேண்டாம். தேங்கிய நீரில் பாசியும் பூஞ்சையும் குடும்பம் நடத்தும். மேலிருந்து நீர் சொட்டி, தேன்கூடு போன்ற பட்டையை நனைத்து, மிச்சம் வடிகாலில் போகும் ரகமே நல்லது. வடிகாலில் போவதுதான் அதிகம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு முதல் வாரம் மனசு அடித்துக்கொள்ளும். பட்டையில் உப்பு வெள்ளையாகப் படிந்து கல்லாகிவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன் மாற்றுங்கள்.

வீட்டுக்குள் ஈரப்பதம் 35 சதவீதம் போதும். கடுங்குளிரில் அதையும் 20 பக்கம் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, கீழ்ச்சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். மேயில் ஹியூமிடிஃபையருக்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடி, அதன் காற்றுத் தடுப்பையும் சாத்திவிடுங்கள். ஜூலையில் மினசோட்டாவே புழுக்கம் தரும், பில் இல்லாமல்.