ஐம்பத்திரண்டாம் இரவு

ஆஸ்திரேலியாவில் பெற்றோர் பிரிந்தபின் யார் பிள்ளைக்கு எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதைப் பொதுவாக இரவுகளை எண்ணித்தான் தீர்மானிக்கிறார்கள். 2008 முதல் நடப்பில் இருக்கும் சூத்திரம் இது. வருஷத்தில் 51 இரவு அப்பா வீட்டில் பிள்ளை தூங்கினால் அவருக்குப் பராமரிப்புச் சலுகை பூஜ்யம். 52 ஆனால் போதும், பிள்ளையின் செலவில் 24 சதவீதத்தை ஏற்றுவிட்டதாகக் கணக்கு! ஒரே ராத்திரியில் இவ்வளவு பொறுப்பு வந்துவிடுகிறது.

ஆகவே, வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காதவருக்கும் திடீரென்று பாசம் சுரக்கும். 'இந்தச் சனிக்கிழமையும் என்னோடு இருக்கட்டுமே' என்பார். எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல, அன்றைக்குத்தான் பாட்டிக்குப் பிறந்தநாள் வரும். ஏற்பாடு மாறினால் 28 நாளுக்குள் இதைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மாறிய நாளிலிருந்தே புதுக் கணக்கு. இருவரும் சொல்வார்கள், ஆளுக்கொரு எண்ணிக்கையை. பிறகு டைரி, பள்ளிக்கூடக் கடிதம், பக்கத்து வீட்டுச் சாட்சி. தினமும் காலையில் பள்ளியில் விட்டு, மாலையில் வீட்டுப்பாடம் முடிக்கவைத்து, இருட்டும் முன் திருப்பி அனுப்புகிறவர்தான் பாவம். மணிக்கணக்கையும் பாருங்கள் என்று அவர் தனியாக வாதாட வேண்டும்.

பிரிட்டனிலும் படிக்கட்டு 52-இல்தான் ஆரம்பம்: தர வேண்டிய தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 175 இரவைத் தொட்டால் பாதித் தொகை, அதற்குமேல் பிள்ளைக்கு வாரம் 7 பவுண்டு கழிவு. ஆடித் தள்ளுபடியில்கூட இத்தனை தாராளம் கிடையாது.