மெருகுப் பித்தர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட் பிளேரின் குடியிருப்புத் தெருக்களில் தேவாலய மணிக்கும் கோயில் ஒலிபெருக்கிக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இரைச்சல் எழுந்தால், அது மெருகுப் பித்தரின் பாலிஷ் மெஷின். 2024 செப்டம்பரில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. காரின் நம்பர் பிளேட்டில் ஏஎன் 01 மாறவில்லை என்பதால் பித்தர் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த காரை அவர் நேராகப் பார்ப்பதே கிடையாது. ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் குனிந்து, கீறல் தெரிகிற கோணத்தில்தான் பார்ப்பார். காரில் சாய்ந்து நின்று பேசுகிறவரைத் திட்டமாட்டார். “அண்ணே, உள்ளே வாங்க, டீ சாப்பிடலாம்” என்பார். அந்த உபசாரம் முழுவதும் பானெட்டுக்கு உரியது. தெருக்காரர்கள் அவரைப் பகட்டுக்காரர் என்கிறார்கள், அது அநியாயம். பகட்டுக்காரர் காரைக் கோர்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு ஓட்டிப்போய் நாலு பேர் கண்ணில் படும்படி நிறுத்துவார். நம்மவருக்கு அங்கே பறக்கிற மணலை நினைத்தாலே குளிர் கண்டுவிடும். அவருடைய கோளாறு மனத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மெஷின் பளபளப்பைக் கூட்டுகிறது என்று நம்புகிறார். அதுவோ ஒவ்வொரு முறையும் பெயிண்டைக் கழித்துக்கொண்டிருக்கிறது.

கழிப்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு உண்டு. அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமன்கூட ஏறக்குறைய 70 மைக்ரான் வரும். கீறல் என்பது அந்தப் பூச்சில் விழுந்த பள்ளம். பாலிஷ் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. மேடு போனது போனதுதான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சரக்கும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, தேவைப்பட்டால் மட்டும் தேய்க்கிறவருக்கு இந்த இருப்பு கார் உள்ளவரை போதும். மாதாமாதம் காம்பவுண்ட் என்கிற முரட்டு பாலிஷைப் போட்டுத் தேய்க்கிறவருக்குச் சில வருஷத்தில் பானெட்டில் தேமல் விழும். அதைக் கடல்காற்றின் வேலை என்று அவர் சொல்லுவார். கடல்காற்றால் மறுத்துப் பேச முடியாது.

அப்படியானால் மாதாமாதம் தேய்க்கும்படி கீறல் எங்கிருந்து வருகிறது? ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர் இது. ஆனாலும் நகரத்தின் குடிநீர் தானிக்காரி அணையை நம்பியிருக்கிறது; கோடையில் குழாய்க்கு முறை வைக்கிறார்கள். குடத்துக்கே தண்ணீர் எண்ணி வரும்போது காருக்கு அரை வாளிதான் கிடைக்கும். அந்த அரை வாளியில் பழைய பனியனை நனைத்து, செம்மண்ணும் உப்பும் படிந்த கதவை வட்ட வட்டமாகத் துடைக்கிறார். துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே அகப்பட்ட மண் கிளியர் கோட்டில் கோலம் போடுகிறது. அடுத்த ஞாயிறு அந்தக் கோலத்தை அழிக்க மெஷின் வருகிறது. கீறுவதும் அவரே, கீறலைத் தேய்ப்பதும் அவரே. இரண்டுக்கும் நடுவில் தேய்வது பூச்சு. தகரக் கூரையில் வழியும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துவைத்து, முதலில் மண்ணை நீரூற்றிக் கழுவி இறக்கினால் மெஷினுக்குப் பாதி வேலை இல்லாமல் போகும். அதைச் சொன்னால் பித்தருக்கு முகம் வாடிவிடுகிறது.

வெளிச்சமும் அவருக்கு எதிரி. இந்தத் தீவுகள் கிழக்கே தள்ளியிருக்க, கடிகாரம் மட்டும் மெயின்லேண்டோடு ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆபீஸ் விட்டு வந்து டியூப்லைட் வெளிச்சத்தில் தேய்த்தால் எல்லாக் காரும் கண்ணாடிதான், ஏனென்றால் பரவிய வெளிச்சம் மெல்லிய கீறலைக் காட்டாது. ஒரு டார்ச்சைக் கிட்டே பிடித்தால் காட்டும், பிடிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே விடிந்து தகடு குளிர்ந்திருக்கும்போது தூங்கிவிட்டு, டிபன் முடித்து, பத்து மணி வெயிலில் தொடங்குகிறார். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டுகிறது. எடுக்க இன்னும் அழுத்துகிறார். போதாக்குறைக்குப் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் புகுந்து தற்காலிகமாக மறைத்துவிடுவதால் அன்று மாலை வெற்றிக் களை. மே மாதப் பின்பாதியில், கேரளத்துக்கும் முன்னதாக, தென்மேற்குப் பருவக்காற்று வந்து தணிக்கை செய்யும்போது எல்லாக் கீறலும் மறுபடி ஆஜர்.

பட்டறை மேஸ்திரிகள் காலங்காலமாக ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினால்தானே மெருகேற்றுகிறார்கள், அவர்கள் கார்களெல்லாம் கெட்டா போயின என்று கேட்கலாம். கெடவில்லைதான். மேஸ்திரியின் கை ஓரிடத்தில் நிற்காது. விளிம்பு வந்ததும் தானே விலகும். ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும் யந்திரம். மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும். பம்பர் பிளாஸ்டிக் ஆகையால் சூட்டைக் கடத்தி விடாது. அங்கே ஒரு கணம் தயங்கினால் பொசுங்கிவிடும். மேஸ்திரியின் மெஷினை வாங்கலாம், கையை வாங்க முடியாது. அதிலும் சிலர் வெல்டிங் பட்டறை ஆங்கிள் கிரைண்டரில் கம்பளிப் பேடை மாட்டுகிறார்கள். அது நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடுவது. பெயிண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறே போதும். அதைப் பற்றிப் பேச இது இடமல்ல, காவல் நிலையம்தான் இடம்.

உப்புக்காற்றிலிருந்து காரைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் என்பது பித்தரின் கடைசி வாதம். மெஷின் எதையும் காப்பதில்லை. காப்பது தேய்த்தபின் பூசுகிற மெழுகோ சீலண்டோதான்; அதைக் கையாலேயே பூசலாம். துரு இந்தத் தீவுகளில் பெரும்பாலும் அடியிலிருந்தும் கதவின் அடிமடிப்பிலிருந்தும் ஏறி வருகிறது. சாத்தாம் ஜெட்டியில் வாகனப் படகேறி பாம்பூஃபிளாட் போய்வந்த நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது பத்து பாலிஷுக்குச் சமம். ஆனால் அடிப்பாகத்தில் முகம் தெரியாது.

பித்தர்களில் திருந்தியவர்களும் உண்டு. சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்ஷன் மெஷினை வாங்கி, பேடு உண்மையில் சுழல்கிறதா என்று தெரியப் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைக்கிறார்கள். அழுத்தினால் கோடு நின்றுவிடும். அப்போது மெஷின் வெறுமனே அதிர்கிறது என்று அர்த்தம். கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கக் கிளே பார் ஓட்டி, ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, இருப்பதிலேயே மிருதுவான பேடையும் பாலிஷையும் ஒரு மூலையில் சோதித்து, அது போதுமென்றால் அதோடு நிற்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடியாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி, மெதுவாக நகர்த்துகிறார்கள். ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் திருப்திப்படுகிறார்கள். இப்படிச் செய்தால் வருஷத்தில் ஒரு நாள் வேலை. மீதி நாள்களில் அடுத்த வீட்டாரின் பனியனைப் பிடுங்கி மைக்ரோஃபைபர் துணியைக் கொடுக்கிற சமூக சேவை. வடக்கே டிக்லிப்பூரில் கல்யாணம் என்றால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்கள் கூட்டமாகப் போகும் கான்வாய்க்குக் காத்திருந்து, முன்னால் போகும் லாரியின் சேற்றை வாங்கியபடி காட்டைக் கடந்து, வாகனப் படகிலும் ஏற்றி இறக்க வேண்டும். அதனால் திருந்திய பித்தர் அரசின் எஸ்.டி.எஸ். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு போட்டுவிடுகிறார்.